கண்ணாடிப் பெட்டி வாங்கிக் குடுக்கலாமா சிஸ்டர்?

(அரசு ஆஸ்பத்திரி பச்சக்குழந்தை வார்டுல ரொம்ப வருஷம் ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆன சிஸ்டர், வாசகர் கேள்விகளுக்கு பதில் சொல்றாங்க. இந்த தடவ வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல உள்ளூர் ஆஸ்பத்திரிக்கும் குழந்தைங்க வைத்தியத்துக்கும் உதவுறத பத்தியே இருந்ததால மொத்த பக்கமும் அதுக்குத்தான்.)

சிஸ்டர், என் பொண்ணோட முதல் பொறந்தநாளுக்கு ஹால் புடிச்சு செலவு பண்ண வேணாம்னு முடிவு பண்ணி, அந்த காசுல பால் பவுடர் டின்னும் ஃபீடிங் பாட்டிலும் வாங்கிட்டு ஒரு அரசு ஆஸ்பத்திரி பிரசவ வார்டுக்கு போனோம். அங்க இருந்த சிஸ்டர் கையால கூட தொடல, எடுத்துட்டு போங்கன்னுட்டாங்க. நல்லது பண்ண போன இடத்துல இப்படியா?
– ஒரு அப்பா, திண்டுக்கல் மாவட்டம்

தம்பி, உங்க மனசு நல்ல மனசு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அந்த சிஸ்டர் பண்ணதுதான் சரி. 1992ல வந்த சட்டம் ஒண்ணு இருக்கு, தாய்ப்பாலுக்கு பதிலா குடுக்கற பால் பவுடர், ஃபீடிங் பாட்டில், குழந்தை உணவு இதுக்காகவே போட்ட சட்டம், 2003ல அத இன்னும் கடுமையாக்குனாங்க. அதுல அநாதை இல்லத்துக்கு தவிர வேற யாருக்கும் பால் பவுடரோ பாட்டிலோ தானமா குடுக்கவே கூடாதுன்னு இருக்கு. கம்பெனிக்காரங்களுக்கு மட்டும்னு நெறைய பேர் நெனச்சிட்டு இருக்காங்க, அப்படி இல்ல, நீங்க நான் எல்லாருக்கும்தான்.

ஏன்னு கேட்டா, பிரசவம் ஆன மொத ரெண்டு மூணு நாள் பால் கொஞ்சமாத்தான் சுரக்கும், அது இயற்கை, அந்த சீம்பாலே பச்சக்குழந்தைக்கு போதும். ஆனா பக்கத்துல ஒரு டின் இருந்தா பாட்டிக்கு மனசு கேக்காது, கரைச்சு குடுத்துருவாங்க, குழந்தை வயிறு ரொம்பிட்டா அம்மாகிட்ட சப்பாது, சப்பலன்னா பால் ஊறாது. வீட்டுக்கு போயி ஒரு வாரத்துல டின் காலியாகும், அடுத்தது வாங்க காசு இருக்காது, ஒரு ஸ்பூன் போடற எடத்துல அர ஸ்பூன் போட்டு தண்ணியா குடுப்பாங்க, பாட்டில சரியா கொதிக்க வைக்க மாட்டாங்க, அப்புறம் வயித்துப்போக்குன்னு அதே குழந்தை திரும்ப வார்டுக்கு வரும். இத கண்ணால பாத்தவ நான், அதான் இவ்வளவு நீளமா சொல்றேன்.

சரி என்ன குடுக்கலாம்? எடை கம்மியா பொறந்த குழந்தைய அம்மா நெஞ்சோட தோலோட தோல் ஒட்டி வெச்சு அணைச்சுக்கறத 'கங்காரு கேர்'ம்போம். 1978ல கொலம்பியா நாட்டுல பொகோட்டால, இன்குபேட்டர் (அதான் குறை மாசக் குழந்தைய வெக்கற கண்ணாடிப் பெட்டி) பத்தாம போன ஒரு ஆஸ்பத்திரில ஆரம்பிச்சது. 2021ல அஞ்சு ஆஸ்பத்திரில நடத்துன ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் அதுல ஒண்ணு, மத்த நாலும் ஆப்பிரிக்க நாடுகள்ல. 1 கிலோலருந்து 1.8 கிலோ வரைக்கும் இருந்த குழந்தைங்கள, நெலம சீராகட்டும்னு காத்திருக்காம பொறந்த கையோட அம்மா நெஞ்சுல போட்டதுல இறப்பு 25 சதவீதம் கொறஞ்சுது. 25 சதவீதம்! இதுக்கு வேண்டியது என்னன்னா சாஞ்சு உக்கார ஒரு நல்ல நாற்காலி, முன்பக்கம் தொறக்கற கவுன், மறைப்புக்கு ஒரு திரை, குழந்தைக்கு காட்டன் குல்லாவும் சாக்ஸும். பல வார்டுல அந்த அம்மாங்க ஆபரேஷன் பண்ண வயித்தோட பிளாஸ்டிக் சேர்ல மணிக்கணக்கா உக்காந்துட்டு இருப்பாங்க. சாயற நாற்காலி ஒண்ணு வாங்கிக் குடுத்தீங்கன்னா உங்க பொண்ணு ஸ்கூல் போற வயசு வர்ற வரைக்கும் அதுல எத்தனையோ அம்மாங்க உக்காருவாங்க. ஆனா வாங்கறதுக்கு முன்னாடி அந்த வார்டு இன்சார்ஜ் சிஸ்டர பாத்து "என்ன வேணும், எந்த மாதிரி வேணும்"னு கேட்டுட்டு வாங்குங்க. திருப்பி அனுப்புன அதே சிஸ்டர்கிட்டயே போங்க, சந்தோஷமா சொல்லுவாங்க.

எனக்கு பொறந்து 2 மாசக் குழந்தை இருக்கு, தேவைக்கு மேல பால் சுரக்குது. பால் வங்கிக்கு குடுக்கலாம்னு ஆசை. ஆனா மாமியார் 'நம்ம குழந்தைக்கு பத்தாம போயிடும், கண்ணு பட்டுடும்'னு பயப்படறாங்க.
– இளம் தாய், குரோம்பேட்டை

குடும்மா, தாராளமா குடு. உன் குழந்தை குடிச்சு ரொம்பி, எடை சரியா ஏறிட்டு வந்துச்சுன்னா மிச்சத்த குடுக்கறதுல ஒரு தப்பும் இல்ல, எடுக்க எடுக்கத்தான் ஊறும். மாமியாரையும் கூடவே கூட்டிட்டு போயி அந்த குறை மாசக் குழந்தைங்கள வெளியிலருந்தாவது ஒரு தடவ காட்டு, அவங்களும் புள்ள பெத்தவங்கதான, வாதாடறத விட அது நல்லா வேல செய்யும்.

ஆசியாவுலயே மொத தாய்ப்பால் வங்கி 1989ல மும்பை சயான் ஆஸ்பத்திரில டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் ஆரம்பிச்சாங்க. நம்மகிட்ட எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரில இருக்கு, 2015லருந்து மதுரை, கோவை, திருச்சி, சேலம், தஞ்சாவூர்னு மத்த ஊர் பெரியாஸ்பத்திரிலயும் வந்துச்சு. உனக்கு ரத்தம் டெஸ்ட் எடுப்பாங்க, எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சிபிலிஸ் இல்லன்னு பாத்துட்டுத்தான் வாங்குவாங்க, ஏதாவது மாத்திர சாப்ட்டா மறைக்காம சொல்லிடு. வாங்குன பால 62.5 டிகிரில 30 நிமிஷம் சூடு பண்ணி, கிருமி இல்லன்னு டெஸ்ட் பண்ணி, மைனஸ் 20 டிகிரில உறைய வெப்பாங்க. யாருக்கு போகும்னா, அம்மா ஐசியுல இருக்கற குழந்தை, அம்மாவே இல்லாத குழந்தை, ஒரு கிலோ கூட இல்லாத குழந்தை. இவங்களுக்கு பவுடர் பால் குடுத்தா குடல் அழுகிப்போற ஒரு வியாதி வர வாய்ப்பு அதிகம், வந்தா காப்பாத்தறது ரொம்ப கஷ்டம். தாய்ப்பால்ல அந்த ஆபத்து கம்மி, அதனாலதான் ஒரு சின்ன கிண்ணம் பாலுக்கு கூட வார்டுல அவ்வளவு மதிப்பு.

இன்னொண்ணு, ஆன்லைன்ல தாய்ப்பால் காசு குடுத்து வாங்கறேன்னு யாராவது கேட்டா குடுக்காத. தாய்ப்பால விக்கறது கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே மாசமே சொல்லியாச்சு.

நாங்க ஒரே ஸ்கூல்ல ஒண்ணா படிச்சவங்க, 25 வருஷம் ஆச்சு, வாட்ஸ்அப் க்ரூப்ல 3 லட்சம் சேத்துருக்கோம். எங்க ஊர் ஆஸ்பத்திரிக்கு குழந்தைங்கள வெக்கற கண்ணாடிப் பெட்டி வாங்கிக் குடுத்து எங்க பேட்ச் பேர் போடலாம்னு திட்டம். யார பாக்கணும்?
– பழைய மாணவர்கள், தஞ்சாவூர் மாவட்டம்

பேர் போடறத பத்தி மொதல்ல சொல்லிடறேன், அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. வடசென்னைல ராயபுரத்துல ஆர்எஸ்ஆர்எம் ஆஸ்பத்திரின்னு சொல்றமே, அது பிரசவ ஆஸ்பத்திரிக்கு பணம் குடுத்த ராஜா சர் ராமசாமி முதலியார் பேருதான். ஸ்டான்லிய பழைய ஆளுங்க இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னுதான் சொல்லுவாங்க, பஞ்ச காலத்துல ஏழைங்களுக்கு கஞ்சி ஊத்துன சத்திரத்துலருந்து வளந்த ஆஸ்பத்திரி அது. நம்ம ஊர்ல இது புதுசில்ல.

ஆனா கண்ணாடிப் பெட்டிதான் வேணுமான்னு கேட்டுட்டீங்களா? குடுக்கற எல்லாருக்கும் இன்குபேட்டரும் வெண்டிலேட்டரும்தான் மனசுக்கு வருது, போட்டோல நல்லா தெரியும். நான் வேல பாத்த வார்டுல அப்படி வந்த ஒரு வார்மர் (குழந்தைய கதகதப்பா வெக்கற மெஷின்) ப்ரோப் ஒயர் போயி மூலைல நின்னுச்சு, மெஷின் நல்லா இருக்கு, குழந்தை தோல்ல ஒட்டற அந்த சின்ன ஒயர் இல்ல, குடுத்தவங்க எந்த கம்பெனிகிட்ட வாங்குனாங்கன்னு பில்லு கூட எங்ககிட்ட இல்ல. இது எங்க வார்டு கத மட்டும் இல்ல, 2011ல வந்த ஒரு ஆய்வுல 16 நாடுகள்ல ஆஸ்பத்திரி மெஷின்கள எண்ணிப் பாத்தப்ப கிட்டத்தட்ட 38 சதவீதம் வேல செய்யாம கெடந்துச்சு.

அதனால 3 லட்சத்தையும் மெஷின்லயே போட்டு முடிச்சுடாதீங்க. மொதல்ல ஆஸ்பத்திரி மருத்துவ அதிகாரிய பாருங்க, காலேஜ் ஆஸ்பத்திரின்னா டீன், மத்தபடி சூப்பிரண்டு, இல்லன்னா ஆர்எம்ஓ (ரெசிடென்ட் மெடிக்கல் ஆபீசர்). குழந்தை டாக்டரும் வார்டு இன்சார்ஜும் கூட உக்காந்து பேசற மாதிரி நேரம் கேளுங்க. இருக்கற மெஷின் எத்தன, ஓடறது எத்தன, ஓடாதது எதனால ஓடலன்னு கேளுங்க. பல நேரம் புது மெஷின் வாங்கற காசுல பத்துல ஒரு பங்கு இருந்தா கெடக்கற மெஷின் ஓட ஆரம்பிச்சுடும், ப்ரோப், மஞ்சக்காமாலைக்கு வெக்கற நீல லைட்டு, ஆக்சிஜன் அளவு பாக்கற மெஷினுக்கு பச்சக்குழந்தை கால்ல சுத்தற சென்சார், இந்த மாதிரி சின்னச் சின்ன சாமான்தான். புதுசுதான் வாங்கறதுன்னா அவங்ககிட்ட ஏற்கனவே இருக்கற மாடலாவே வாங்குங்க, சிஸ்டருங்களுக்கு பழக்கம் இருக்கும், ஒரு ஒயர் போனா இன்னொண்ணுலருந்து மாத்திக்கலாம். வாரண்டி முடிஞ்சப்புறம் அஞ்சு வருஷத்துக்கு பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் சேத்து பணம் கட்டுங்க, அந்த ஒப்பந்தத்துல ஸ்பேர் பார்ட்ஸும் சேந்துருக்கான்னு படிச்சு பாத்து கையெழுத்து போடுங்க, வெறும் சர்வீஸ் மட்டும்னா ஆளு வந்து பாத்துட்டு 'பார்ட் வாங்கணும்'னு எழுதி வெச்சுட்டு போயிடுவாரு.

அப்புறம் கரண்ட். மகாராஷ்டிரால பண்டாரா அரசு ஆஸ்பத்திரில 2021 ஜனவரில பச்சக்குழந்தை வார்டுல தீப்பிடிச்சு 10 குழந்தைங்க போச்சு, 2024 நவம்பர்ல ஜான்சிலயும் அதே மாதிரி நடந்துச்சு. அந்த செய்தி வந்த ரெண்டு நாளும் எனக்கு தூக்கம் இல்ல, ஏன்னா ஒரே பிளக்பாயிண்ட்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு எத்தன மெஷின் ஓடும்னு உள்ள இருந்தவங்களுக்குத்தான் தெரியும். புது மெஷின் குடுக்கறவங்க அந்த ரூம் ஒயரிங் தாங்குமான்னு பொதுப்பணித்துறை எலக்ட்ரிகல் ஆளுங்கள வெச்சு பாக்கச் சொல்லி கேக்கணும். உங்க காசுல ஒயரிங் மாத்தவோ, ஸ்மோக் அலாரம் வெக்கவோ தேவைன்னா, போட்டோல தெரியாதேன்னு யோசிக்காம அத பண்ணுங்க.

பணமா குடுக்கறதுன்னா கையில குடுக்காதீங்க, எந்த டாக்டர் கேட்டாலும் சரி. அரசு ஆஸ்பத்திரிக்குன்னே நோயாளர் நலச் சங்கம்னு பதிவு பண்ண சங்கம் இருக்கும், அதுக்கு பேங்க் அக்கவுண்ட் இருக்கு, செக்கா குடுத்து ரசீது வாங்குங்க. பொருளா குடுத்தா ஸ்டாக் புக்ல ஏத்துனாங்களான்னு பாத்து அந்த பக்கத்த போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, ஸ்டாக்ல ஏறலன்னா அது ரிப்பேர் ஆனாலும் யாரும் இண்டெண்ட் போட (பார்ட் வேணும்னு எழுதிக் கேக்க) முடியாது.

வீட்ல மிஞ்சுன மாத்திர, டானிக், இன்ஹேலர் எல்லாம் ஒரு பை நெறைய இருக்கு, எக்ஸ்பயரி ஆகல. குழந்தைங்க வார்டுக்கு குடுக்கலாமா?
– வாசகி, ஈரோடு

வேணாம்மா. ஒருத்தருக்கு குடுத்து வீட்டுக்கு போயி திரும்பி வந்த மருந்த தானமா வாங்கக்கூடாதுங்கறது உலக சுகாதார நிறுவனம் 1996லயே மத்த அமைப்புங்களோட சேந்து போட்ட விதி. எந்த சூட்டுல வெச்சிருந்தீங்க, யாரு தொறந்தாங்கன்னு எங்களுக்கு எப்படி தெரியும், அதுவும் குழந்தைக்கு குடுக்கறது. அரசு ஆஸ்பத்திரிக்கு மருந்து, 1994ல ஆரம்பிச்ச தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மூலமா மொத்தமா டெஸ்ட் பண்ணி வருது. ஏதாவது மருந்து நிஜமாவே தட்டுப்பாடுன்னா டாக்டரே சொல்லுவாங்க, அப்ப புதுசா பில்லோட வாங்கிக் குடுங்க.

நான் காலேஜ் ரெண்டாவது வருஷம், கையில காசு இல்ல. குழந்தைங்களுக்கு உதவணும்னு ஆசை மட்டும் இருக்கு.
– மாணவர், திருநெல்வேலி

உன்கிட்ட ரத்தம் இருக்கேப்பா. 18 வயசு ஆகி, எடை 45 கிலோ இருந்து, ஹீமோகுளோபின் 12.5 இருந்தா போதும். ஆம்பளைங்க 3 மாசத்துக்கு ஒரு தடவ, பொம்பளைங்க 4 மாசத்துக்கு ஒரு தடவ குடுக்கலாம். தலசீமியா (ரத்தம் சரியா ஊறாத பரம்பரை நோய்) இருக்கற குழந்தைங்களுக்கு ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவ ரத்தம் ஏத்தியே ஆகணும், அது வருஷக்கணக்கா. ரத்தப் புத்துநோய்க்கு மருந்து ஏத்தறப்ப குழந்தைக்கு தட்டணு, அதான் ரத்தத்த உறைய வெக்கற பிளேட்லெட், சர்ருன்னு எறங்கிடும், பிளேட்லெட் பேக் 5 நாளுக்கு மேல தாங்காது, அதனால முன்கூட்டியே சேத்து வெக்க முடியாது, தினம் யாராவது குடுத்துட்டே இருந்தாத்தான் உண்டு. ஏப்ரல் மே மாசம் காலேஜ் எல்லாம் லீவ் விட்டா கேம்ப் நடக்காது, அப்பதான் ப்ளட் பேங்க்ல இருப்பு கொறையும். தலைவர் பொறந்தநாளுக்கு ஒரே நாள்ல 200 பேர் வரிசைல நிக்கறத விட உன் க்ளாஸ்ல ஒரு 30 பேர் பேர் எழுதி வெச்சு மாசம் மாறி மாறி போங்க, எந்த வாரம் வரட்டும்னு ப்ளட் பேங்க்லயே கேட்டுக்கோங்க. இத விட பெரிய உதவிய நான் வார்டுல பாத்ததில்ல.

கத்தார்ல வேல பாக்கறேன், ஊர்ல இருக்கற குழந்தைங்க டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்கு மாசா மாசம் அனுப்ப நெனைக்கறேன். சிங்கப்பூர் சிட்டிசன் ஆயிட்ட என் மச்சானும் சேந்துக்கறேங்கறார். வரி விலக்கு கெடைக்குமா?
– வாசகர், தோஹா

நீங்க இந்திய பாஸ்போர்ட்ல இருக்கற வரைக்கும், உங்க சொந்த சம்பாத்தியத்துலருந்து பேங்க் வழியா அனுப்பறது வெளிநாட்டு நன்கொடை கணக்குல வராது. மச்சான் வேற நாட்டு குடிமகன், அவர் பணம் வெளிநாட்டு நன்கொடைதான், அந்த டிரஸ்டுக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இருந்தாத்தான் வாங்க முடியும், அதுவும் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச்ல இருக்கற அவங்க கணக்குக்குத்தான் போகணும். "என் அக்கவுண்ட்ல போடு, நான் சேத்து அனுப்பிடறேன்"னு மட்டும் பண்ணாதீங்க, மாட்டிக்கறது அந்த ஆஸ்பத்திரிதான். வரிச் சலுகைக்கு டிரஸ்டுக்கு அதுக்கான பதிவு (80ஜின்னு சொல்லுவாங்க) இருக்கணும், 2000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா கெடையாது, புது வரி முறைய எடுத்திருந்தாலும் கெடையாது. இந்தியால வருமானம் இருந்து வரி கட்டறவங்களுக்குத்தான் இதுல பிரயோஜனம்.

வாட்ஸ்அப்ல தினம் ஒரு குழந்தை போட்டோ போட்டு 'உயிர காப்பாத்துங்க'ன்னு வருது. அனுப்பலன்னா மனசு உறுத்துது, அனுப்புனா நிஜமான்னு தெரியல.
– வாசகி, நாகர்கோவில்

நிஜமும் இருக்கு, திருட்டும் இருக்கு, பழைய போட்டோல ஜிபே நம்பர் மட்டும் மாத்தி போடறவங்களும் இருக்காங்க. அதுல இருக்கற நம்பருக்கு பேசாதீங்க, ஆஸ்பத்திரி நம்பர நீங்களா தேடி எடுத்து பில்லிங்லயோ சமூக சேவகர்கிட்டயோ இந்த பேர்ல குழந்தை அட்மிஷன்ல இருக்கா, பணம் ஆஸ்பத்திரி கணக்குலயே கட்டலாமான்னு கேளுங்க. தெரிஞ்ச குடும்பம்னா காசு சேக்கறதுக்கு முன்னாடி முதலமைச்சர் காப்பீட்டு திட்டத்துல இருக்காங்களான்னு கேளுங்க, வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருந்தா குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் இருக்கு, கார்டு எடுக்க தெரியாம வட்டிக்கு வாங்கற அப்பா அம்மா நெறைய பேர். கூட போயி ஒரு நாள் அலைஞ்சு அந்த கார்டு எடுத்துக் குடுக்கறதும் உதவிதான். அரிய நோய்னா மத்திய அரசு 2021ல கொண்டு வந்த கொள்கை இருக்கு, அதுக்குன்னு குறிச்ச ஆஸ்பத்திரிகள்ல 50 லட்சம் வரைக்கும் கெடைக்க வழி உண்டு. அந்த போட்டோவ மத்த க்ரூப்புக்கு தள்ளி விடாதீங்க, டியூபோட படுத்துருக்கற அந்த குழந்தை நாளைக்கு பொழச்சு வளந்து பெரியாளாகும், ஊரே அத அந்த கோலத்துல பாத்துருக்க வேணாம்.

பென்ஷன்ல மாசம் 500 ரூபா எடுத்து வெக்கறேன். இத போயி எங்க குடுக்கறதுன்னு கூச்சமா இருக்கு.
– பாட்டி, கும்பகோணம்

கூச்சப்படாதீங்கம்மா. அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி 1954ல வெறும் 12 படுக்கையோட ஆரம்பிச்சது, தங்கச்சிய புத்துநோய்க்கு பறிகுடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஊர் ஊரா மனுஷங்ககிட்ட கேட்டு கேட்டு கட்டுனது, அதுல பெரிய பணமும் இருந்துச்சு சின்ன பணமும் இருந்துச்சு.

உங்க 500 ரூபாய்க்கு சரியான எடம் நான் சொல்றேன். குழந்தைக்கு ரத்தப் புத்துநோய்னா வைத்தியம் ரெண்டு ரெண்டரை வருஷம் ஓடும். ஒழுங்கா முடிச்சா பெரும்பாலான குழந்தைங்க பொழச்சுக்கும். மருந்து அரசு ஆஸ்பத்திரில இலவசம்தான், ஆனா ஊர்லருந்து வர பஸ் காசு, அப்பாவுக்கு போற கூலி, சென்னைல தங்கறது, வீட்ல விட்டுட்டு வந்த இன்னொரு புள்ளைக்கு சோறு, இதுலதான் பாதில நின்னுடறாங்க. மருந்து இல்லாம இல்ல, பஸ்ஸுக்கு இல்லாம. ரயில்ல போற ஊரா இருந்தா கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பர்ல கட்டணமே இல்ல, கூட வர்றவங்களுக்கும் சலுகை உண்டு, அதுக்கு ஆஸ்பத்திரில ஃபாரம் வாங்கணும், அதுவே பல பேருக்கு தெரியாது. தங்கறதுக்கு செயின்ட் ஜூட் மாதிரி அமைப்புங்க குடும்பத்தோட இலவசமா எடம் குடுக்கறாங்க, 2006ல மும்பைல ஆரம்பிச்சது, சென்னைலயும் இருக்கு.

பக்கத்துல தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு. அங்க குழந்தைங்க வார்டுல சமூக சேவகர் யாருன்னு கேட்டு பாருங்க, வந்து போற செலவுக்கு திண்டாடற ஒரு குடும்பத்துக்கு வழிச்செலவ நீங்க ஏத்துக்கலாமா, யார் மூலமா எப்படி குடுக்கறதுன்னு அவங்ககிட்டயே பேசி முடிவு பண்ணுங்க. அங்க அப்படி ஏற்பாடு இல்லன்னா கேன்சர் குழந்தைங்கள தங்க வெக்கற டிரஸ்ட் ஏதாவது ஒண்ணுக்கு மாசா மாசம் 500 போகற மாதிரி பேங்க்ல சொல்லி வெச்சிடுங்க. வருஷத்துக்கு ஒரு தடவ மொத்தமா வர்றத விட மாசா மாசம் வரும்னு தெரிஞ்ச பணம் அவங்களுக்கு ரொம்ப வசதி, அடுத்த மாசம் எத்தன குடும்பத்த சேத்துக்கலாம்னு அத வெச்சுத்தான் கணக்கு போடுவாங்க. பேரன் பேத்தி யாரையாவது கூட்டிட்டு பேங்குக்கு போங்க, பாஸ்புக்கும் ஆதாரும் எடுத்துட்டு போங்க, ரசீது உங்க வீட்டு அட்ரஸுக்கே வரச் சொல்லுங்க.